டவருக்கு உங்கள் போன் கேட்கிறதா? வன்னிப் பயணமும் இணையச் சிக்னலும்

மாங்குளத்தில் ஏ9 வீதியை விட்டு முல்லைத்தீவுப் பக்கம் திரும்பி, காட்டுத் துண்டுகள் தொடங்கியதும் வானுக்குள் யாராவது ஒருவர் சொல்லுவார்: "நெற் போட்டுது." வெளிநாட்டில் இருந்து வந்த மாமாவின் வாட்ஸப் கதை பாதியில் நிற்கும். பின் சீற்றில் பிள்ளைகள் பார்த்த வீடியோ சுற்றத் தொடங்கும். பிறகு ஆளுக்கொரு வைத்தியம். "பூஸ்டர் ஒண்டு பூட்டினாச் சரி" என்பார் ஒருவர். போனின் முதுகில் ஒட்டும் தங்க நிற ஸ்டிக்கர் பற்றி இன்னொருவர் சொல்லுவார். டிரைவர் அண்ணை மட்டும் ஒன்றும் பேசாமல், ஒட்டுசுட்டான் வரட்டும் என்று ஓட்டிக்கொண்டிருப்பார்.

இந்த வைத்தியங்களில் சில வேலை செய்யும், சில காசைத் தின்னும். எது எது என்று பிரித்தறிய சிக்னல் என்பது என்ன என்று கொஞ்சம் தெரிந்தால் போதும். சூத்திரம் எதுவும் வேண்டாம்.

ரேடியோ பழக்கிய பழக்கம்

வன்னியில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அன்ரெனா புதிய விஷயம் இல்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வந்த மின்சாரத்தில் மற்றவர்கள் செய்தி கேட்டார்கள். நிலையம் தெளிவாக விழாவிட்டால் ஒரு செப்புக் கம்பியை வேப்பமரத்தில் ஏற்றிக் கட்டி, மறு நுனியை ரேடியோவின் அன்ரெனாவில் சுற்றுவது. கம்பி உயரப் போனால் குரல் தெளியும். அந்த அனுபவத்தில் இருந்துதான் "சிக்னலை இழுக்க வேண்டும்" என்ற பேச்சு நமக்கு வந்தது.

ரேடியோவுக்கு அது முழுக்கச் சரி. ரேடியோ கேட்க மட்டும் செய்யும். நீங்கள் கேட்கிறீர்களா இல்லையா என்பது நிலையத்துக்குத் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

போன் அப்படி இல்லை. நீங்கள் ஒரு வீடியோவைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாலும் உங்கள் போன் டவரோடு ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறது. "அடுத்த துண்டைத் தா", "இது வந்து சேர்ந்தது", "அது பழுதாக வந்தது, திரும்ப அனுப்பு". இந்தப் பதில்கள் டவருக்குப் போய்ச் சேராவிட்டால், டவர் எவ்வளவு உரக்கக் கத்தினாலும் வீடியோ ஓடாது.

இப்போது இரண்டு பக்கத்துக் குரலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு டவரில் உள்ள அனுப்பி பல பத்து வாற்று சக்தியில் பேசும். உங்கள் கையில் உள்ள 4ஜி போன் அதிகபட்சம் ஏறக்குறைய 200 மில்லிவாற்று, அதாவது ஒரு வாற்றில் ஐந்தில் ஒரு பங்கு. வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கட்டிய லவுட்ஸ்பீக்கர் வயல்வெளி தாண்டிக் கேட்கும். ஆனால் வயலின் அந்தக் கரையில் நின்று நீங்கள் கூப்பிட்டால் கோயிலில் யாருக்குக் கேட்கும்? டவரின் காது மிகக் கூர்மையானது என்பதால்தான் இந்தப் பேரம் ஓரளவுக்காவது சரிவருகிறது. தூரம் கூடினால் முதலில் தோற்பது பெரும்பாலும் போனின் குரல்தான். திரையில் இரண்டு கோடு நிற்கும், ஆனால் ஒரு படம்கூடப் போகாது. அந்தக் கோடுகள் உங்கள் போன் கேட்பதைக் காட்டுகின்றன. உங்கள் போன் பேசுவது அங்கே கேட்கிறதா என்பதை அவை காட்டுவதில்லை.

காட்டுக்குள் போன் சூடாவதும் சார்ஜ் விரைவில் இறங்குவதும் இதனால்தான். தன் குரல் கேட்கவில்லை என்று டவர் சொல்லச் சொல்ல, போன் தொண்டை கிழியக் கத்துகிறது.

இதுவரை சொன்னது: சிக்னல் இருவழிப் பாதை. டவர் பலமான ஆள், போன் மெலிந்த ஆள். வாகனத்தில் நாம் செய்யும் எந்த வேலையும் அந்த மெலிந்த பக்கத்துக்கு உதவ வேண்டும். இனி வரும் ஒவ்வொரு பொருளையும் இந்தக் கண்ணால்தான் பார்க்கப் போகிறோம்.

கோடுகளை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள்

மூன்று கோடு என்றால் எவ்வளவு சிக்னல்? இதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒவ்வொரு போன் கம்பனியும் தன் விருப்பப்படி கோடு போடுகிறது. ஒரே இடத்தில், ஒரே சிம்மில், ஒரு போன் மூன்று கோடும் இன்னொன்று ஒரு கோடும் காட்டலாம். அதை வைத்து எந்த போன் நல்லது என்று சண்டை பிடிப்பது வீண்.

உண்மையான அளவு டிபிஎம் என்ற அலகில் இருக்கிறது. போனுக்கு வந்து சேரும் ரேடியோ அலையின் பலத்தைச் சொல்லும் எண் அது. மிகச் சிறிய பலம் என்பதால் எப்போதும் கழித்தல் குறியோடு வரும். 4ஜியில் -80 என்றால் நல்ல நிலை. -100 என்றால் ஓடும். -110 ஐத் தாண்டினால் தவிக்கும். -120 பக்கம் போனால் அனேகமாக முடிந்தது. கழித்தல் எண் என்பதால் -90 ஐ விட -110 மோசம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இந்த எண் சாதாரண அளவுகோல் போல ஏறி இறங்காது. 3 கூடினால் பலம் இரட்டிப்பு. 10 கூடினால் பத்து மடங்கு. -110 இல் இருந்து -100 க்கு வந்தால் "பத்துத்தானே" என்று தோன்றும், ஆனால் பத்து மடங்கு பலம் கிடைத்திருக்கிறது. இந்த ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் சொல் டெசிபல். 10 டெசிபல் கூடியது என்றால் பத்து மடங்கு கூடியது என்று பொருள்.

அண்ட்ரொய்ட் போனில் செட்டிங்ஸுக்குள் போனைப் பற்றிய பகுதியில், சிம் நிலை என்ற இடத்தில் இந்த எண் இருக்கும். ஐபோனில் *3001#12345#* என்று அழுத்தி அழைத்தால் ஒரு சோதனைத் திரை வரும், அதற்குள் இருக்கும்.

எண் நன்றாக இருந்தும் இணையம் படுத்துவிடும் நேரமும் உண்டு. ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். சிக்னல் நிறைய இருக்கும், வாட்ஸப்பில் ஒரு செய்தி போக ஐந்து நிமிடம் எடுக்கும். அங்கே டவருக்கு உங்களைக் கேட்கிறது. ஆனால் இலட்சக்கணக்கானவர்களோடு நீங்களும் வரிசையில் நிற்கிறீர்கள். எந்த அன்ரெனாவும் எந்த பூஸ்டரும் அந்த வரிசையைக் குறைக்காது.

வன்னியில் சிக்னல் எங்கே தொலைகிறது

மலைநாட்டில் என்றால் மலை மறைக்கிறது என்று சொல்லிவிடலாம். வன்னி தட்டை. இங்கே மூன்று காரணங்கள்: தூரம், காடு, நீங்கள் இருக்கும் வாகனம்.

தூரம் எளிது. தடையே இல்லாத வெளியில்கூட, தூரம் இரண்டு மடங்கானால் வந்து சேரும் பலம் நாலில் ஒன்றாகும். ஆட்கள் குறைந்த இடத்தில் டவர்களும் ஐதாகவே இருக்கும். ஏ9 வீதியிலும் பட்டினங்களிலும் கிடைக்கும் சிக்னல், நெடுங்கேணிப் பக்கத்து உள் வீதிகளில் கிடைக்காததன் முதல் காரணம் இது.

காடு கொஞ்சம் சுவாரசியமானது. பாலை, வீரை என்று வன்னிக் காட்டு மரங்கள் பெரும்பாலும் ஆண்டு முழுக்க இலையோடு நிற்பவை. இலை என்பது பாதிக்கு மேல் தண்ணீர். ரேடியோ அலையைத் தண்ணீர் உறிஞ்சும், சிதறடிக்கும். ஒரு மரம் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஒரு கிலோமீற்றர் மரங்கள் வரிசையாக நின்றால் நிலைமை வேறு. மாரி மழையில் இலைகள் நனைந்து நிற்கும்போது இன்னும் கொஞ்சம் மோசமாகும்.

எல்லா அலையும் ஒரே மாதிரித் தோற்பதில்லை. அலைவரிசை என்பது அலை ஒரு நொடியில் எத்தனை தடவை அதிர்கிறது என்ற கணக்கு. 900 மெகாஹேர்ட்ஸ் அலையின் ஒரு அலைநீளம் ஏறக்குறைய 33 சென்ரிமீற்றர், 1800 இல் அதில் பாதி. நீளமான அலை இலைகளுக்கு இடையே புகுந்து, தடைகளின் ஓரத்தில் வளைந்து, கூடிய தூரம் போகும். குட்டையான அலை கூடிய டேட்டாவைச் சுமக்க வசதியானது, ஆனால் காட்டில் சீக்கிரம் களைத்துவிடும். உங்கள் போன் ஓரிடத்தில் 4ஜி காட்டி, நாலு வளைவு தாண்டியதும் 2ஜிக்கு இறங்குகிறது என்றால், பல நேரம் நடப்பது இதுதான். குட்டையான அலை விழுந்துவிட்டது, நீளமான அலை இன்னும் தாக்குப்பிடிக்கிறது.

இதையெல்லாம் படிக்காமலே நம் ஆட்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் ஒன்று உண்டு: குளக்கட்டு. சிக்னல் இல்லாத ஊரில் போன் கதைக்க வேண்டும் என்றால் குளக்கட்டில் ஏறுவார்கள். மாலையில் கட்டில் வரிசையாக நின்று கதைப்பவர்களைப் பார்த்தால் காற்று வாங்குகிறார்கள் என்று நினைப்பீர்கள். ஏன் அங்கே கிடைக்கிறது? உயரம் என்பது பாதி விடைதான். கட்டில் நிற்கும் உங்களுக்கு முன்னால் விரிந்து கிடக்கும் தண்ணீரில் மரம் கிடையாது என்பது மீதி. இரணைமடு, முத்தையன்கட்டு போன்ற பெரிய குளங்களில் அது கிலோமீற்றர் கணக்கான வெட்டவெளி. டவர் குளத்தின் மறுபக்கம் இருந்தால், அலை இலையில் உரசாமல் நீர்ப்பரப்பைத் தாண்டி வந்து சேரும். டவர் உங்கள் முதுகுப் பக்கக் காட்டுக்குள் இருந்தால், கட்டின் உயரம் மட்டும்தான் இலாபம்.

மூன்றாவது, வாகனம். வெளியே உள்ள மின்சாரத்தின் தாக்கம் உலோகக் கூண்டுக்குள் வராது என்பதை மைக்கேல் பரடே 1836 இல் ஒரு கூண்டு கட்டிக் காட்டினார். இரும்புப் பெட்டிக்குள் ரேடியோ அலை நுழையாததும் அதே கதைதான். வான் என்பது யன்னல் வைத்த இரும்புப் பெட்டி. அந்த யன்னல்கள் இல்லாவிட்டால் உள்ளே ஒரு கோடும் வராது. அலைநீளத்தை விடப் பெரிய திறப்பு என்பதால் கண்ணாடி வழியே அலை உள்ளே வருகிறது. அதில் உலோகம் கலந்த கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அந்த வழியும் பாதி அடைபடும். நடு சீற்றில், ஹான்ட்பாக்குக்குள், காலடியில் இருக்கும் போனுக்கு வெளியே இருப்பதில் பத்தில் ஒரு பங்கு பலம்தான் வந்து சேர்கிறது என்றால் ஆச்சரியப்பட வேண்டாம். போனின் குரலும் வெளியே போகும்போது அதே அளவு தேயும். மெலிந்த ஆளின் வாயில் துணி கட்டியது போல.

சுருக்கமாக: தூரத்தை நாம் மாற்ற முடியாது, காட்டை மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. இரும்புப் பெட்டியில் இருந்து வெளியே வருவதும் கொஞ்சம் உயரம் சேர்ப்பதும்தான் நம் கையில் இருப்பவை.

காசில்லாத வேலைகள்

போனைக் கண்ணாடி ஓரத்தில், முடிந்தால் டாஷ்போர்டில், வையுங்கள். ஒரு போனை அங்கே வைத்து ஹொட்ஸ்பொட் போட்டுவிட்டு மற்றவர்கள் அதில் தொங்கலாம். பல பயணங்களுக்கு இதுவே போதும்.

போன் சில நேரம் பின்னால் விட்டுவந்த டவரின் மங்கிய குரலையே பிடித்துக்கொண்டு வரும், பக்கத்தில் புதிய டவர் வந்த பிறகும். அப்போது விமான முறையைப் போட்டுப் பத்து விநாடி கழித்து எடுத்தால் புதிதாகத் தேடும். போனை மேலே தூக்கி ஆட்டுவதால் அதிகம் பயன் இல்லை, ஆட்டுபவரின் மனம் ஆறும்.

இரண்டு சிம் போடும் போன் என்றால் இரண்டையும் ஒரே கம்பனியில் எடுக்காதீர்கள். ஒரு கம்பனியின் டவர் இல்லாத இடத்தில் மற்றதன் டவர் இருக்கலாம். விலையைப் பார்த்தால் இதை விட நல்ல "பூஸ்டர்" கிடையாது. வரைபடத்தை வவுனியாவிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வழி காட்டுவதற்கு இணையம் வேண்டாம், செய்மதியைப் பார்க்கும் ஜிபிஎஸ் போதும்.

கூரையில் ஒரு அன்ரெனா

அன்ரெனா சக்தியை உண்டாக்குவதில்லை. டோர்ச் பல்பின் பின்னால் இருக்கும் கிண்ணம் வெளிச்சத்தை உண்டாக்காமல் ஒரு பக்கம் திருப்பிவிடுகிறது அல்லவா, அதே வேலை. நல்ல செய்தி என்னவென்றால், அன்ரெனா கேட்பதற்கு எவ்வளவு உதவுகிறதோ அவ்வளவு பேசுவதற்கும் உதவும். கையைக் காதில் குவித்தால் நன்றாகக் கேட்கும், அதே கையை வாயில் குவித்தால் குரல் தூரம் போகும். மெலிந்த ஆளுக்கு உதவும் முதல் உண்மையான கருவி இதுதான்.

கூரையில் காந்தத்தில் ஒட்டும் அன்ரெனா ஒன்று வைத்தால் மூன்று இலாபம். இரும்புப் பெட்டிக்கு வெளியே வந்தாயிற்று. உயரம் கிடைத்தாயிற்று. வானின் இரும்புக் கூரையே அந்த அன்ரெனாவின் கீழ்ப்பாதியாக வேலை செய்யும். ஆகவே பிளாஸ்டிக் கரியரில் கட்டாமல் கூரையின் நடுவில் ஒட்டுங்கள்.

ஓடும் வாகனத்துக்கு எல்லாப் பக்கமும் சமமாகப் பார்க்கும் அன்ரெனாதான் வேண்டும். பழைய ரீவி அன்ரெனா போல முள்ளு முள்ளாக இருப்பது ஒரு திசையில் மிகப் பலமானது, ஆனால் முறிகண்டியில் டவரைப் பார்த்து வைத்த முனை கொக்காவிலில் எங்கே பார்க்கும்? நிறுத்தி வைத்து வேலை செய்யும் இடத்தில், வயல் குடிலிலோ வாடியிலோ, அது ராசா.

வயரில் பலர் ஏமாறுகிறார்கள். அன்ரெனா வயர் மின்சார வயர் போல இல்லை, போகப் போகச் சிக்னலைத் தின்னும். கறுப்பு மெல்லிய வயர் ஐந்து மீற்றர் இருந்தால், 900 மெகாஹேர்ட்ஸில் ஏறக்குறைய பாதிப் பலம் வயருக்குள்ளேயே போய்விடும், 1800 இல் அதைவிட அதிகம். பத்து மீற்றர் வயர் சுருட்டி சீற்றுக்கு அடியில் கிடக்கும் வானைப் பார்த்திருக்கிறேன். அன்ரெனாவில் கிடைத்த இலாபம் முழுவதும் அந்தச் சுருளில் இருந்தது.

சரி, இந்த வயரைப் போனில் எங்கே குத்துவது? இப்போதைய போன்களில் அதற்குத் துளை இல்லை. இங்கேதான் சிம் போடும் ரவுட்டர் தேவைப்படுகிறது. சிம்மை ரவுட்டரில் போட்டு, அதன் அன்ரெனாத் துளைகளில் வயரைப் பூட்டி, வானின் 12 வோல்ற் மின்சாரத்தைக் கொடுத்தால், டவரோடு பேசும் வேலையை ரவுட்டர் எடுத்துக்கொள்ளும். போன்கள் வைஃபையில் ரவுட்டரோடு மட்டும் பேசும். பெரும்பாலான 4ஜி ரவுட்டர்களில் இரண்டு துளை இருக்கும். இரண்டு அன்ரெனாவில் ஒரே நேரத்தில் இரண்டு டேட்டாப் பாதைகளை ஓட்டுவதற்காக அவை. ஒன்றில் மட்டும் பூட்டினால் ஓடும், முழு வேகம் வராது. வாங்கும்போது இரண்டு வயர் வரும் அன்ரெனாவாகப் பாருங்கள்.

இதில் ஒரு குழப்பம் எப்போதும் வரும். "வைஃபை ஃபுல்லா இருக்கு, நெற் இல்லை." வைஃபைக் கோடு உங்கள் போனுக்கும் ரவுட்டருக்கும் இடையில் உள்ள ஒன்றரை மீற்றரைப் பற்றியது. ரவுட்டருக்கும் டவருக்கும் இடையில் உள்ள காட்டைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

பூஸ்டர் என்ற பெட்டி

பூஸ்டரில் மூன்று பாகம்: வெளியே ஒரு அன்ரெனா, நடுவில் சிக்னலைப் பெருக்கும் பெட்டி, உள்ளே ஒரு சிறு அன்ரெனா. வெளியே கேட்டதை உள்ளே உரத்துச் சொல்லும். உள்ளே போன் சொன்னதை வெளியே உரத்துச் சொல்லும். இந்த இரண்டாவது வேலைதான் முக்கியமானது, அதைச் செய்யாத மலிவுப் பெட்டிகளால் கோடு கூடும், இணையம் கூடாது.

நல்ல பெட்டியாக இருந்தாலும் சில எல்லைகள் உண்டு. ஒன்றுமே இல்லாத இடத்தில் அது எதைப் பெருக்கும்? பூச்சியத்தை ஆயிரத்தால் பெருக்கினாலும் பூச்சியம். சிக்னலோடு வரும் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். அப்புறம், கோயில் ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கைக் கொண்டுபோனால் "கூ..." என்று ஊளையிடுமே, அது இங்கேயும் நடக்கும். உள்ளே உள்ள அன்ரெனாவின் குரல் வெளியே உள்ளதன் காதில் விழுந்தால் பெட்டி தன்னைத் தானே பெருக்கத் தொடங்கும். ஒரு வானின் நீளத்துக்குள் இரண்டையும் பிரித்து வைப்பது கஷ்டம். நல்ல பெட்டி ஊளை தொடங்கியதும் தானே அடங்கும். மட்டமான பெட்டி அந்த ஊளையை டவருக்கே அனுப்பும். உங்கள் ஒரு வானுக்காக அந்தப் பக்கத்து ஊர் முழுவதற்கும் இணையம் கெடும்.

அதனால்தான் இதில் சட்டமும் வருகிறது. இலங்கையில் ரேடியோ அலையை வெளிவிடும் கருவிகளுக்கு 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் விசாரிக்காமல் இணையத்தில் கண்ட பெட்டியை வாங்கிப் பூட்டுவது நல்லதல்ல. கடைக்காரர் "எல்லாரும் பாவிக்கினம்" என்பார். அது அனுமதிப் பத்திரம் ஆகாது.

அந்தத் தங்க நிற ஸ்டிக்கரையும் சொல்லிவிடுகிறேன். நானும் ஒன்று வாங்கி ஒட்டியவன்தான். போனில் எதனோடும் தொடுப்பில்லாத ஒரு தகடு அது. ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் எண்ணைப் பார்த்தேன், அசையவில்லை. "சிக்னல் பூஸ்டர்" என்ற பெயரில் வரும் செயலிகளும் இந்த வகைதான். செயலியால் போனின் 200 மில்லிவாற்றைக் கூட்ட முடியாது. அவற்றில் பல, விமான முறையைப் போட்டு எடுக்கும் வேலையை விளம்பரத்தோடு செய்பவை.

செய்மதி இணையம் பற்றியும் கேட்பார்கள். ஸ்டார்லிங்க் 2025 இல் இலங்கைக்கு வந்துவிட்டது. டவர் இல்லாத இடத்துக்கு அது உண்மையான விடை, ஆனால் அதன் தட்டு அன்ரெனாவுக்குத் திறந்த வானம் வேண்டும். இரண்டு பக்கமும் மரம் கவிந்த வீதியில் ஓடும்போது விட்டு விட்டுத்தான் வரும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை

நீங்கள் அடிக்கடி போகும் வீதியில், சிக்னல் தவிக்கும் இடம் ஒன்றில் வானை ஓரமாக நிறுத்துங்கள். உள்ளே வழக்கமான சீற்றில் இருந்து டிபிஎம் எண்ணைக் குறியுங்கள். பிறகு இறங்கி, கதவுப் படியில் ஏறி, போனைக் கூரைக்கு மேலே பிடித்து ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி குறியுங்கள். எண் கொஞ்சம் ஆடும் என்பதால் இரண்டு மூன்று தடவை பாருங்கள். இரண்டு தடவையும் ஒரே டவர், ஒரே 4ஜி என்பதையும் கவனியுங்கள்.

உள்ளே -114, மேலே -103 என்று வந்தால், திருடன் உங்கள் வானின் இரும்புதான். கூரை அன்ரெனாவும் ரவுட்டரும் அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கை மீட்டுத்தரும், செலவு செய்யலாம். உள்ளே -118, மேலே -116 என்றால் குற்றம் காட்டிலும் தூரத்திலும் இருக்கிறது. அங்கே வானில் எதைப் பூட்டினாலும் பெரிய மாற்றம் வராது. வேறு கம்பனியின் சிம்மைப் போட்டு அதே சோதனையை ஒரு தடவை செய்துவிட்டு, அதுவும் சரிவராவிட்டால் அடுத்த குளக்கட்டு எத்தனை கிலோமீற்றர் என்று டிரைவர் அண்ணையிடம் கேளுங்கள்.